ஒற்றும் பெண்ணும் புதினமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில், வேளாங்கண்ணியில் ஆற்றிய உரை)



'போர்க்கால வரலாற்றுப் புதினங்களில் ஒற்றறியும் பெண்கள்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. தலைப்பைக் கேட்ட நண்பரொருவர், "இதைச் சென்னையில் பேசலாம், இலண்டனில் பேசலாம், வேளாங்கண்ணியில் பேசுவானேன்?" என்றார். வேளாங்கண்ணியில்தான் பேசவேண்டும் என்பது என் எண்ணம். காரணம் இரண்டு கல் தொலைவில் இல்லை. நாகப்பட்டினம் துறைமுகம் வரை நடக்கவேண்டும். அங்கே பின்னர் வருகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அதிகாரம் முழுவதும் தேடினாலும் 'ஒற்றன்' என்ற சொல் அகப்படாது. 'ஒற்று' என்றே ஆளுகிறார். ஆணா பெண்ணா என்று காட்டாத சொல் அது. பின்வந்த நாம் 'ஒற்றன்' என்று ஆண்பால் விகுதி கொடுத்தோம். பெண்பாலுக்கு விகுதி தேடவே இல்லை. 'ஒற்றி' என்று சொல்லிப் பார்த்தால் இம்மாவட்டத்து உழவர்கள், நிலத்தை எவ்வளவு தொகைக்கு ஒற்றி வைத்தீர்கள் என்று கேட்பார்கள்!

யாப்பறிந்தவர்கள் கூடியிருக்கும் அவை இது. ஆகவே இன்னொன்றும் சொல்லலாம். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும்போது நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணுகிறோம். ஒற்றை நீக்கித்தான் எண்ணுகிறோம். கணக்கில் வராத அந்த ஒற்றை எடுத்துவிட்டால் அடியில் பொருளே நிற்காது. போரில் ஒற்றாடியவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் ஓர் எச்சரிக்கை தருகிறார்: ஒற்றுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யாதே, செய்தால் மறையை நீயே வெளிப்படுத்தியவனாவாய் என்கிறார். அரசனுக்கு நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த அறிவுரை வழி நடந்த தொழிலில் உழைத்தவர்க்கு நடுகல் ஏது? பரணி ஏது? களத்தில் வேல் பட்டு வீழ்ந்தவனுக்குப் பாட்டு உண்டு. செய்தி கொண்டுவந்தவளுக்கு இல்லை.

சங்க காலத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஔவையார் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, பீலி அணிந்து, வரிசையாக வைக்கப்பெற்றிருந்த அப்படைகள் இன்னும் போரைக் காணாதவை என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். இதைத் தூது என்கிறோம், புலமை என்கிறோம், அங்கதம் என்றும் பாராட்டுகிறோம். பகைவனின் ஆயுத நிலையை நேரிற் கண்டு தன் அரசனிடம் திரும்பிய ஒருவரின் செயலுக்கு வேறு பெயரும் உண்டு என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

தமிழில் வரலாற்றுப் புதினம் என்றால் 'பொன்னியின் செல்வ'னைத் தாண்டிப் போக முடியாது. அதிலும் சோழநாட்டுக் கடற்கரையில் நின்றுகொண்டு தாண்டவே முடியாது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த அக்கதை முழுவதும் ஒற்று நடமாடுகிறது. ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறார்கள். பெண்களிடம் வந்தால் நந்தினி. அவள் செய்யும் காரியத்தைப் பாருங்கள்: எதிரியின் அரண்மனைக்குள் வாழ்கிறாள், தனாதிகாரியின் பொக்கிஷத்திலிருந்து பொன் சதிகாரர் கைக்குப் போக வழி செய்கிறாள், யார் எங்கே போகிறார்கள் என்று அறிகிறாள். ஒற்றுத் தொழிலின் இலக்கணம் அத்தனையும் அவளிடம் உண்டு. ஆனால் புத்தகத்தை மூடிவைத்தபின் நம் நெஞ்சில் நிற்பது அவள் அழகும் வஞ்சமும்தான். அவள் வேலை நிற்பதில்லை. இது கல்கியின் குறை என்று சொல்லமாட்டேன். நச்சுக்கன்னி என்ற பழைய அச்சு நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அதே நூலில் பூங்குழலி இருக்கிறாள். இங்கிருந்து தெற்கே சென்று வேதாரணியத்தைத் தாண்டினால் கோடிக்கரை. அவ்வூர்க் கலங்கரை விளக்கத்தாரின் மகள். காற்று எப்போது திரும்பும், புதைசேறு எங்கே இருக்கிறது, இரவில் விண்மீனை வைத்து ஈழத்துக்கு எப்படிப் படகு விடுவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வந்தியத்தேவன் கொண்டுசென்ற ஓலை இளவரசர் கைக்குச் சேர்ந்தது இந்த அறிவினால். போர்க்காலத்தில் செய்தி கடத்துவது என்பது இதுதான். மூன்றாவது ஒருத்தியைப் பலர் மறந்திருப்பீர்கள்: பூங்குழலியின் அண்ணி ராக்கம்மாள். வீட்டுக்குள் இருந்தபடியே பாண்டிய நாட்டுச் சதிகாரர்களுக்கு உதவுகிறவள். யாரும் ஐயுறாத ஒரு மருமகள். உண்மையான ஒற்றர்களின் வரலாற்றைப் படித்துவிட்டுக் கல்கியிடம் திரும்பினால், நந்தினியைவிட இந்த ராக்கம்மாளே நம்பத்தகுந்தவளாகத் தோன்றுகிறாள். அவளுக்குக் கதையில் கிடைத்த இடம் சிறிது.

உலக அளவிலும் நந்தினிகளே பெயர் பெற்றார்கள். மாதா ஹரி என்ற பெயரை அறியாதார் இல்லை. அவர் ஹாலந்து நாட்டுப் பெண். தென்னிந்தியாவில் கோயில் நடனப் பெண்ணுக்குப் பிறந்ததாகத் தம்மைப் பற்றிக் கதை கட்டிக்கொண்டவர். அப்பெயர் மலாய் மொழியில் கதிரவனைக் குறிக்கும்; மலேயா சென்று திரும்பிய குடும்பத்தார்க்கு இது தெரிந்திருக்கும். 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சு அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அவர் உண்மையில் என்ன உளவு சொன்னார் என்று கேட்டால் விடை மிக மெலிந்தது. ஆயினும் பெண் ஒற்று என்றவுடன் திரைப்படமும் புதினமும் அவர் உடையைத்தான் எடுத்து உடுத்திக்கொள்கின்றன.

இந்த உடைக்குள் அடங்காத ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர். தஞ்சைத் தரணியில் 'ஹைதர் கலாபம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அக்குடும்பத்தின் பெயர் வேறுவிதமாக ஒலிக்கலாம். இது 1781-இன் கதையன்று. நூர் 1914 சனவரி முதல் நாள் மாஸ்கோவில் பிறந்தார், பாரிஸில் வளர்ந்தார், தந்தையார் சூபி ஞானி, இசைவல்லார். நூர் வீணை வாசிப்பார். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்த சாதகக் கதைகள் இருபதைத் தொகுத்து 1939-இல் நூலாக வெளியிட்டார். பிரான்சு வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். அங்கிருந்து சிறப்பு நடவடிக்கைத் துறை அவரைத் தேர்ந்தெடுத்தது. அத்துறையின் பிரெஞ்சுப் பிரிவு அனுப்பிய பெண்கள் 39 பேர்; அவர்களுள் ஒருவர் இவர்.

பயிற்சியாளர் சிலர் இவர் இவ்வேலைக்கு ஆகார் என்று எழுதினார்கள். காரணம் சுவையானது: பொய் சொல்ல வராது, எளிதில் உணர்ச்சிவசப்படுகிறார். 1943 சூன் நடுவில் ஓர் இரவில் சிறு விமானத்தில் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களுக்குள் அவர் சேர்ந்த பாரிஸ் குழு வேரோடு பிடிபட்டது. திரும்பிவிடு என்று இலண்டன் கூறியும் மறுத்தார். பாரிஸிலிருந்து இலண்டனுக்குச் செய்தி அனுப்பக்கூடிய வேறு கை அப்போது இல்லாதிருந்தது. அத்தகைய கருவியை இயக்குவோர் ஆறு வாரம் தாங்கினால் பெரிது என்பது துறையினர் கணக்கு. நூர் நான்கு மாதம் அளவு தாங்கினார்.

அந்த நான்கு மாத வேலை என்ன? பெட்டி ஒன்று. ஆளைச் சாய்க்கும் கனம். அதைத் தூக்கிக்கொண்டு வீடு மாறவேண்டும்; வான்கம்பியை மரத்திலோ சாளரத்திலோ கட்டவேண்டும்; ஒலி பிடிக்கும் வண்டிகள் தெருவுக்குள் நுழையுமுன் அனுப்பி முடித்துக் கம்பியைச் சுருட்டவேண்டும். மறுநாள் வேறு வீடு. ஒருமுறை பெட்டியில் என்ன என்று கேட்ட செருமானியரிடம் திரைப்படக் கருவி என்று சொல்லித் தப்பினார் என்றும், மற்றொருமுறை கம்பியைக் கிளையில் கட்டத் தவித்தபோது செருமானிய அதிகாரி ஒருவரே, பாட்டுக் கேட்கத்தான் கட்டுகிறார் போலும் என்று எண்ணி உதவினார் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பொய் சொல்ல வராதவர்!

அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். தப்ப முயன்று மீண்டும் பிடிபட்டார். செருமனிச் சிறையில் பல மாதம் விலங்கிட்டு வைத்திருந்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் வதைமுகாமில் வேறு மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது. போர் முடிந்தபின் இந்தியா தன் விடுதலைக்குப் போராடுமானால் இந்தியாவின் பக்கமே நிற்பேன் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் முன்னிலையிலேயே அவர் சொன்னதாக, 2006-இல் அவர் வரலாற்றை எழுதிய ஷ்ராபணி பாசு குறிக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தாம் அனுப்பிய செய்திகளின் படிகளை நூர் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அது பகைவர் கையில் சிக்கியது. அதைக்கொண்டு அவர்கள் அவர் பெயராலேயே இலண்டனுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினார்கள். அதை நம்பி வந்திறங்கியவர்கள் பிடிபட்டார்கள். வீரத்தை மட்டும் பாடும் நூல்கள் இந்த ஏட்டை விரைந்து தாண்டிவிடுகின்றன. புதினம் எழுதுவோன் தாண்டலாகாது. கதையின் உயிர் அந்த ஏட்டில்தான் இருக்கிறது. இலண்டனில் அமர்ந்து எச்சரிக்கைக் குறிகளைப் புறக்கணித்த மேலாளர்களின் பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது.

நூரை வைத்து ஷானா சிங் பால்ட்வின் 2004-இல் 'தி டைகர் கிளா' என்ற ஆங்கிலப் புதினத்தை எழுதினார். உழைத்து எழுதிய நூல். சிறையின் குளிர் நம் எலும்பில் ஏறுகிறது. ஆனால் நூர் பிரான்சுக்குப் போவதற்கு, அங்கே சிக்கிக்கொண்ட காதலனைத் தேடுவது உந்துதலாக அமைகிறது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஆண் ஒற்றன் நாட்டுக்காகப் போனான் என்றால் வாசகர் ஏற்கிறார். பெண் போனாள் என்றால் காதலனை எங்கே என்று கேட்கிறார். காதல் இருந்திருக்கலாம். அதைக் காரணமாக்கும்போது நான்கு மாதம் அந்தப் பெட்டியைச் சுமந்த கை மறைந்துவிடுகிறது.

இப்போது நம் கடலுக்கு வருவோம்.

நூரைப் பற்றி இவ்வளவு நமக்குத் தெரிவது ஏன்? அவர் பிடிபட்டதனால். பிடித்தவன் எழுதி வைத்தான். விசாரித்தவன் எழுதி வைத்தான். போருக்குப்பின் தேடியவர்கள் எழுதி வைத்தார்கள். நம் பக்கத்திலும் அப்படியே. பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, 1942-இல் மலபார்க் கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதரை நாம் அறிவோம். அவரும் தோழர்களும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்கு நடந்தது, ஏடு இருக்கிறது. பிடிபட்ட ஒற்றுக்கே ஆவணம். பிடிபடாமல் வேலையைச் செவ்வனே முடித்துவிட்டு வீடு திரும்பியவளுக்கு அவள் வாய்மொழி ஒன்றே சான்று.

சரஸ்வதி ராஜாமணி அத்தகையவர். 1927-இல் இரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண். பதினாறு வயதில் நேதாஜியின் படைக்குத் தம் நகைகளை அள்ளிக் கொடுத்ததாகவும், பிறகு ஒற்றுப்பிரிவில் சேர்ந்து, முடியைக் கத்தரித்துச் சிறுவன் வேடமிட்டு, 'மணி' என்ற பெயரில் பிரிட்டிஷ் முகாம்களில் எடுபிடி வேலை செய்து செய்தி திரட்டியதாகவும் கூறினார். பிடிபட்ட தோழியை மீட்கச் சென்று காலில் குண்டுபட்டு, மரத்தின்மீது மூன்று நாள் மறைந்திருந்ததாகவும் கூறினார். முதுமையில் சென்னையில் எளிய நிலையில் வாழ்ந்தார். ஆழிப்பேரலைக்குப் பின் தம் தியாகி ஓய்வூதியத்தை நிவாரண நிதிக்குக் கொடுத்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2004 திசம்பர் 26 இவ்வூர்க்கு என்ன செய்தது என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2018 சனவரி 13 அன்று அவர் காலமானார்.

அவர் கதையை நாம் அறிவது பெரும்பாலும் அவர் சொல்லாலேயே. வரலாற்றாசிரியர் இங்கே தயங்குவார். தயங்குவது அவர் கடமை. "வேறு சான்று?" என்பார். சான்று விடாமல் இருப்பதுதானே அத்தொழில் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்; ஆனால் அந்தக் கேள்வியே சான்றாகிவிடாது. இந்த இடைவெளியில் புதினத்துக்கு வேலை இருக்கிறது. இடைவெளியை வெடிச்சத்தத்தால் அடைத்து, 'உண்மைக் கதை' என்று அட்டையில் அச்சிடுவது அந்த அம்மையாருக்குச் செய்யும் சிறப்பாகாது. பெயரை மாற்றுங்கள். கற்பனை என்று துணிந்து சொல்லுங்கள். மரத்தின்மேல் மூன்று நாளை எழுதுமுன், முகாமில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டு, தெரியாத மொழி போல் பாவனை செய்து, கேட்ட ஊர்ப்பெயரை மாலைவரை மனத்தில் சுமந்த ஒரு நாளை எழுதுங்கள். அது நூறு பக்கம் தாங்கும்.

அடுத்து, ஜான்சி ராணிப் படை. 1943 சூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அழைப்பு விடுத்தார். அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைவி, சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி. அவருக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தவர் கோலாலம்பூர் ஜானகி தேவர். படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தார். இந்திய மண்ணையே மிதித்திராதவர் பலர். அந்தக் குடும்பங்கள் மலேயாவுக்குப் போன வழிகளில் ஒன்று நம் நாகப்பட்டினம். கங்காணி ஆள் சேர்ப்பான், நாகையில் குடியேற்ற முகாமில் தங்கவைப்பார்கள், அங்கிருந்து கப்பல். 'ரஜுலா' என்ற பெயர் இன்னும் சில வீடுகளில் உறவினர் பெயர்போல் வழங்குகிறது. கீழைத் தஞ்சையின் வயலில் நாற்றுப் பிடுங்கிய ஒருத்தியின் மகளோ பெயர்த்தியோ பர்மாவில் துப்பாக்கி பிடித்திருக்கக்கூடும் என்பது வெறும் கவிக்கற்பனையன்று.

இவர்களைத் தமிழ்ப் புதினம் எழுதியதா? ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரண்டு நூல்களில் அந்தக் காலத்தைத் தமிழில் நிலைநிறுத்தினார். அவருக்கு நிகர் இல்லை. ஆனால் அது வட்டிக்கடை அடுத்தாட்களின், படைவீரர்களின் உலகம்; பெண்கள் அதன் ஓரத்தில் நிற்கிறார்கள். அகிலன் 'நெஞ்சின் அலைக'ளில் இந்திய தேசிய இராணுவத்தைத் தொட்டார். 'பால்மரக் காட்டினிலே'யில் தோட்டத்து வாழ்வை எழுதினார். தோட்டத்து லயத்திலிருந்து இரங்கூன் வரை நடந்தவளின் கண்கொண்டு எழுதப்பட்ட பெருநூலுக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

எழுதுவோர்க்கு நுணுக்கங்கள் குறைவில்லை. அப்படையில் கட்டளைகள் இந்துஸ்தானியில். உரோமன் எழுத்தில் எழுதிக் கற்பித்தார்கள். தமிழன்றி வேறு அறியாத பெண், பொருள் பாதி விளங்கிய சொல்லுக்குக் கால் பெயர்க்கிறாள். இரவு நடை. மேமியோவில் மருத்துவமனைப் பணி, அதன்மேல் குண்டுவீச்சு. 1945-இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கிக் காட்டுவழியே நடை. அவ்வாறு பின்வாங்கும்போது இரயில் தாக்கப்பட்டு இறந்த இருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது: ஜோசபின், ஸ்டெல்லா. பெயர் தவிர நாம் அறிவது சொற்பம். ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றினால், கடல் கடந்த குடும்பங்களின் வழிவந்தோர் இங்கு வந்து கூட்டத்தில் நிற்கிறார்கள். யாரை நினைத்து மெழுகுத்திரி ஏற்றுகிறீர்கள் என்று நம்மில் எவரேனும் அவர்களைக் கேட்டதுண்டா?

கேட்க வேண்டியவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். லட்சுமி 2012-இல் மறைந்தார். ஜானகி 2014-இல். ராஜாமணி 2018-இல். தோட்டத்துப் பெண்களின் மறைவுக்கு நாளிதழில் இடம் கிடைத்திராது. எஞ்சியிருப்பவை மகள் கேட்டதும் பெயர்த்தி கேட்டதும்தான். பெட்டியடியில் ஒரு படம், வெளிறிய ஒரு கடிதம், தாலாட்டினிடையே தவறி வந்த ஓர் இந்துஸ்தானிச் சொல்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதந்தோறும் கூடுகிறீர்கள். ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களைக் கவியரங்கிலிருந்து விடுவித்து, நாகை, கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, வேதாரணியப் பகுதிகளில் மலேயா, பர்மா தொடர்புள்ள வீடுகளுக்குச் செல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள், அழகுபடுத்தவேண்டா. சொல்பவர் பெயரை வெளியிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். கவிஞர்கள் சிலருக்கு இது புலவர் வேலையன்று என்று தோன்றலாம்; ஔவை தொண்டைமானின் கொட்டிலுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாடினார்.

முதல் பயணத்துக்கு நாள் குறித்தால் நானும் உடன் வருகிறேன்.